கிராம்பு மணக்கும் கொல்லை

"கரண்ட் செடி வளர்க்கிறோம்" என்று சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள். நமக்குக் கரண்ட் என்றால் மின்சாரம்தான். அது போனால் மாவு அரைக்க ஊறப் போட்டவள் பாடு திண்டாட்டம்! கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "ஓ, கேக்கில் போடுவார்களே, அந்தக் குட்டித் திராட்சையா?" என்று கேட்பார்கள். அதுவும் இல்லை. கேக்கில் போடுவது கிரேக்க தேசத்துச் சின்னத் திராட்சையைக் காயவைத்தது. அந்த நாட்டுக் கொரிந்த் பட்டணத்தின் பேர்தான் மருவி 'கரண்ட்' ஆயிற்றாம்.

நான் சொல்ல வந்தது குளிர் நாடுகளில் புதராக வளர்ந்து, சுண்டைக்காய் மாதிரி கொத்துக் கொத்தாகக் காய்த்துப் பழுக்கும் வேறு ஒரு செடி. ஐஸ்கிரீம் கடையில் 'பிளாக் கரண்ட்' என்று ஊதா நிறத்தில் கொடுக்கிறார்களே, அந்தப் பழத்துக்கு இது ஒன்றுவிட்ட தங்கை முறை. ஐரோப்பாவில் வளரும் அக்காவின் பூவைச் செடியில் தேடித்தான் பார்க்க வேண்டும். இந்தத் தங்கையின் பூவோ தெருக்கோடி வரை மணக்கும். அதுவும் எப்படி மணக்கும் என்கிறீர்கள்? அசல் கிராம்பு வாசனை! அதனால்தான் இதற்குக் கிராம்புக் கரண்ட் என்று பேர்.

இந்தச் செடியை நான் பார்த்தது அமெரிக்காவின் நட்டநடுவே இருக்கும் கான்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா என்ற ஊரில். 2023 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை தங்கை வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். அமெரிக்கா போய் வந்தவர்கள் எல்லோரும் நயாகராவைப் பற்றியும் நியூயார்க்கைப் பற்றியும் எழுதிவிட்டார்கள். கான்சாஸைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அங்கே அருவியும் கிடையாது, மலையும் கிடையாது. பலகையைக் கவிழ்த்துப் போட்ட மாதிரி தரை. அதன் மேல் குடையை விரித்த மாதிரி வானம். நடுவில் ஓயாத காற்று. துணி உலர்த்த நல்ல ஊர் என்று முதல் நாளே சொன்னேன். "அக்கா, இங்கே யாரும் வெளியில உலர்த்த மாட்டாங்க, எல்லாம் மெஷின்தான்" என்று தங்கை சிரித்தாள்.

விச்சிட்டாவில் விமானத் தொழிற்சாலைகள் நிறைய. அதனால் நம் ஊர் என்ஜினியர்களும் அங்கே இருக்கிறார்கள். தங்கையின் வீட்டுக்காரருக்கும் அந்தத் தொழிலில்தான் வேலை. போய்ப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. சொந்த வீடு வாங்கிவிட்டார்கள். கொல்லையில் நாலு தென்னை வைக்கலாம், அவ்வளவு இடம். ஆனால் தரையில் ஒரு செடி கிடையாது! இருந்ததெல்லாம் தொட்டிச் செடிகள்தான். கறிவேப்பிலை ஒன்று, துளசி ஒன்று, இலை மட்டும் விட்டுப் பூக்காத குண்டுமல்லி ஒன்று. அக்டோபர் வந்தால் அத்தனையையும் வீட்டுக்குள் தூக்கி வைத்து, ஜன்னல் ஓரத்தில் நோயாளியைப் போலக் காப்பாற்ற வேண்டும்.

"ஏண்டி, தரையில ஒண்ணுமே வைக்கலையா?" என்று கேட்டேன்.

"எதுக்குக்கா? கிரீன் கார்டு வர்ற வரைக்கும் இங்கே நிலைன்னு எதுவும் கிடையாது. வேலை போச்சுன்னா ரெண்டு மாசத்துல மூட்டை கட்டணும். தொட்டின்னா யாருக்காவது தூக்கிக் கொடுத்துட்டுப் போயிடலாம்" என்றாள்.

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் மனசு என்னவோ செய்தது. நம்மவர்கள் அந்த அட்டைக்காகப் பத்து வருஷத்துக்கு மேலும் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்திருக்கிறேன். அந்த வரிசை கொல்லைப்புறத்தில் வந்து நிற்கும் என்று நினைத்ததே இல்லை.

புத்தாண்டுக்கு வந்த பூ

ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. மாங்காய் கிடைத்தது, வெல்லம் இருந்தது, உலர்ந்த வேப்பம்பூவும் ஒரு கைப்பிடி இருந்தது. சாமி படத்துக்கு வைக்கத்தான் வாசனைப் பூ இல்லை. கடையில் விற்கும் ரோஜா கண்ணுக்கு அழகு, மூக்குக்கு ஒன்றும் இல்லை. அன்று காலை வாசற்கதவைத் திறந்ததும், காற்றோடு யாரோ கிராம்பைத் தட்டிப் போட்ட மாதிரி மணம் வந்தது. "யார் வீட்டிலடி பிரியாணி?" என்று கேட்டேன்!

மணம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சமையலறைப் படிக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு புதர். வளைந்த கிளைகள் முழுக்கத் தங்க மஞ்சளில் பூ. ஒவ்வொரு பூவும் சின்னக் குழல் மாதிரி நீண்டு, நுனியில் ஐந்து இதழ் விரிந்திருக்கிறது. நடுவில் குங்குமம் தொட்ட மாதிரிச் சிவப்பு. இலை மூன்று விரலாகப் பிரிந்து, கொத்துமல்லித் தழையைப் பெரிதாக்கினது போல இருக்கும். முள் கிடையாது. உடம்பெல்லாம் ரோமம் வைத்த பெரிய தேனீக்கள் பூவுக்குப் பூ தாவிக்கொண்டிருந்தன.

விஷயம் கேட்ட பாட்டி ஒரு கத்தரிக்கோலை எடுத்து வந்து நாலு கொத்து வெட்டிக் கொடுத்தார். ஒரு பூவைக் கிள்ளி, அடிப்பக்கத்தை வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டினார். நாங்கள் சின்ன வயதில் இட்லிப்பூவில் தேன் உறிஞ்சுவோமே, அதே மாதிரி! பூவையே சாப்பிடலாமாம். அன்று சாமி படத்துக்கு அந்தப் பூதான். பச்சடியிலும் நாலு பூ உதிர்த்துப் போட்டேன். தங்கை மகள், "பெரியம்மா, இந்த வருஷம்தான் நம்ம வீடு பண்டிகை வீடு மாதிரி மணக்குது" என்றாள்.

அந்த மண்ணின் செடி

அதற்கப்புறம் நான் தினமும் பாட்டி வீட்டில்தான். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷும், தங்கை மகளின் மொழிபெயர்ப்புமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டது நிறைய.

இந்தச் செடி எங்கிருந்தோ கொண்டு வந்து வைத்தது அல்ல. தெற்கு டகோட்டாவிலிருந்து டெக்சாஸ் வரை நீளும் அந்தப் புல்வெளிச் சீமைதான் இதற்குத் தாய்வீடு. கல்லும் மேடுமான இடங்களில் தானாக முளைக்கும். காட்டெருமைகள் திரிந்த பூமி என்பதால் இதற்கு எருமைக் கரண்ட் என்றும் ஒரு பேர். அங்கேயே வாழ்ந்த பூர்வகுடிப் பெண்கள் இந்த மாதிரிப் பழங்களைக் காயவைத்து, இடித்த உலர்ந்த இறைச்சியோடும் கொழுப்போடும் சேர்த்துப் பிசைந்து குளிர்காலத்துக்குச் சேமித்தார்கள். நாம் வடாம், வற்றல் போட்டு வைப்பது போலத்தான். 1805-ல் மிசௌரி ஆற்றின் வழியே மேற்கே போன மெரிவெதர் லூயிஸ், இதன் உடன்பிறப்பான பொன்கரண்டைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

பாட்டி வீட்டில் இருப்பது 'கிராண்டல்' என்ற ரகம். விச்சிட்டாவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் வடக்கே நியூட்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான கிராண்டல் என்பவர் பெரிய பழமாகப் பழுத்த செடி ஒன்றைக் கண்டெடுத்தார். ஒஹாயோ மாநிலத்து நாற்றுப் பண்ணை ஒன்று 1888-ல் அதை அவர் பேரிலேயே விற்பனைக்குக் கொண்டு வந்தது. இன்றும் வீட்டுத் தோட்டத்துக்குப் பெரும்பாலும் விற்கப்படுவது இந்த ரகம்தான்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக நியூட்டன் பக்கம் காரில் போய் வந்தோம். இரண்டு பக்கமும் கோதுமை அறுப்பு. 1871-ல் ரயில் வந்த பிறகு எழுந்த ஊர். மூன்று வருஷம் கழித்து, 1874-ல், ரஷ்யாவிலிருந்து ஜெர்மன் பேசும் மென்னோனைட் கிறிஸ்தவக் குடும்பங்கள் அங்கே குடிவந்தன. தங்கள் ஊர்ச் சிவப்புக் கோதுமை விதையையும் கையோடு கொண்டு வந்தார்கள். அந்தக் கோதுமைதான் பின்னால் கான்சாஸை நாட்டுக்கே சோறு போடும் மாநிலமாக்கியது. நம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னோர்களும் அப்படி வந்தவர்கள்தான். அருகே ஹெஸ்டன் என்ற சிற்றூரில் 1981-ல் தொடங்கிய டிக் ஆர்போரேட்டம் என்ற தோட்டம் இருக்கிறது. வெளிநாட்டு அலங்காரச் செடிகளைத் தேடாமல், அந்தச் சமவெளிக்கே உரிய புல், பூ, புதர் வகைகளை வளர்த்துக் காட்டுகிறார்கள். அங்கே நடந்து வந்தபோது தங்கை மட்டும் ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு செடியாக நின்று பார்த்துக்கொண்டு வந்தாள்.

தடை போட்ட காலம்

இவ்வளவு நல்ல பழம் ஏன் அமெரிக்கக் கடைகளில் கண்ணில் படுவதில்லை? அதற்கு ஒரு கதை இருக்கிறது. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான பைன் நாற்றுகளோடு ஒரு துரு நோய் வந்து சேர்ந்தது. வெள்ளைப் பைன் மரங்களைக் கொல்லும் பூஞ்சைக் காளான் அது. அந்தப் பூஞ்சை ஒரு பைனிலிருந்து இன்னொரு பைனுக்கு நேராகத் தாவாது. நடுவில் கரண்ட் வகைச் செடியின் இலையில் தங்கிப் போனால்தான் அடுத்த பைனுக்குப் போகும். மரவியாபாரம் பெரிய வியாபாரம் ஆயிற்றே! கரண்ட் வளர்க்கவே அரசாங்கம் தடை போட்டது. 1930-களில் வேலையில்லாத இளைஞர்களைக் கூலிக்கு அமர்த்திக் காடுகளில் இருந்த செடிகளைப் பிடுங்க வைத்தார்கள். 1966-ல்தான் மத்திய அரசு தடையை எடுத்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. நியூயார்க் மாநிலம் 2003-ல்தான் அனுமதித்தது. கிழக்கே சில மாநிலங்களில் இன்றும் கட்டுப்பாடு உண்டு. அங்கே குடியிருக்கும் நம் பெண்கள் யாராவது இந்தச் செடி வைக்க நினைத்தால், முதலில் மாநில விவசாயத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நடுவே இரண்டு தலைமுறைக்கு அந்தப் பழத்தின் ருசியே மறந்துபோயிற்று. கடையில் மறைந்தாலும் பழைய பண்ணை வீடுகளின் சமையலறைப் படியோரம் செடி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

வளர்க்கும் முறை

பாட்டி சொன்னதை அப்படியே தருகிறேன். வெளிநாட்டில் மகளோ மருமகளோ இருப்பவர்கள் கத்தரித்து அனுப்பலாம்.

இடம்: வெயில் நன்றாக விழ வேண்டும். அரை நாள் வெயில் இருந்தாலும் பூக்கும். பழம் கொஞ்சம் குறையும். சுண்ணாம்புச் சத்துள்ள களிமண்ணிலும் வரும். தண்ணீர் தேங்கக் கூடாது.

நடவு: இலை உதிர்ந்த பிறகோ, வசந்தத்தில் மொட்டு விடும் முன்போ நட வேண்டும். செடிக்குச் செடி ஆறடி. ஒன்றுக்கு இரண்டாக வைத்தால் மகரந்தம் மாறிக் காய்ப்பு கூடும்.

கன்று: தாய்ச்செடியைச் சுற்றி, வாழைக்கு வருகிற மாதிரி, பக்கக் கன்றுகள் வரும். வேரோடு பிரித்து நட்டால் போதும். இலையில்லாக் காலத்தில் ஒரு முழக் குச்சி வெட்டி, பாதியைப் புதைத்து வைத்தாலும் வேர் விடும். வேண்டாத கன்றை அப்போதைக்கப்போது எடுக்காவிட்டால் கொல்லை முழுக்கப் பரவிவிடும்.

பராமரிப்பு: முதல் வருஷம் வாரம் ஒரு முறை ஆழத் தண்ணீர். அடியில் வைக்கோல் மூடாக்கு. வேர் பிடித்த பிறகு காற்று, வறட்சி எல்லாவற்றையும் தாங்கும். மைனஸ் 30 டிகிரிக் குளிரையும் தாங்குமாம்!

கவாத்து: இளங்கிளைகளில்தான் பழம் அதிகம். குளிர்காலக் கடைசியில், நாலு வயதுக்கு மேலான தடித்த கிளைகளை அடியோடு வெட்டிவிட வேண்டும்.

எதிரிகள்: பறவைகள்தான். பழம் கறுக்கும்போது வலை போடாவிட்டால் ராபின் குருவிக்குத்தான் விருந்து.

பழமும் பச்சடியும்

ஜூன் கடைசியில் பழம் கறுக்க ஆரம்பித்தது. எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. பச்சை, சிவப்பு, கறுப்பு மூன்றும் ஒரே கொத்தில் இருக்கும். கறுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். ருசி? நம் களாப்பழத்தையும் திராட்சையையும் சேர்த்துக் கடித்த மாதிரி. முதலில் புளிப்பு, பின்னால் இனிப்பு. ஒவ்வொரு பழத்தின் நுனியிலும் காய்ந்த பூ, வால் மாதிரி ஒட்டியிருக்கும். அதைக் கிள்ளுவதுதான் பெரிய வேலை. பாட்டியும் தங்கையும் நானும் படியில் உட்கார்ந்து, கதை பேசிக்கொண்டே கிள்ளினோம்.

பாட்டி செய்வது ஜாம். ஒரு கிலோ பழத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு வேகவைத்து, முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்துக் கிளற வேண்டும். ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டால் ஓடாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். பழத்திலேயே உறையவைக்கும் சத்து இருப்பதால் வேறெதுவும் வேண்டாம்.

நான் செய்தது பச்சடி. இரண்டு கிண்ணம் பழம், முக்கால் கிண்ணம் வெல்லம், இரண்டு காய்ந்த மிளகாய், சிட்டிகை மஞ்சள்தூள், உப்பு. எண்ணெயில் கடுகு, மிளகாய் தாளித்து, பழத்தைப் போட்டு வதக்கி, கரண்டியால் லேசாக மசித்து, வெல்லத்தைச் சேர்த்துக் கெட்டியானதும் இறக்கிவிடலாம். தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டால் தேவாமிர்தம். பாட்டி ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அவர் தங்கையிடம் கேட்டார். "என் செடியில இந்த வருஷம் நிறையக் கன்று வந்திருக்கு. இலை உதிர்ந்ததும் உனக்கு ரெண்டு பிரிச்சுத் தரட்டுமா?"

தங்கை தயங்கினாள். பழைய பதிலையே சொன்னாள். எத்தனை நாள் இருப்போமோ, பழம் வர இரண்டு மூன்று வருஷம் ஆகுமே என்றாள். பாட்டி சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. "இந்தச் செடி நான் வச்சது இல்லை. இந்த வீட்டை நாங்க வாங்கும்போதே இருந்தது. வச்சவங்க யாருன்னுகூட எனக்குத் தெரியாது. ஐம்பது வருஷமா நான் பழம் சாப்பிடறேன்" என்றார்.

இரவு பாத்திரம் கழுவும்போது நானும் ஒன்று சொன்னேன். "தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்னு நம்ம ஆத்தா சொல்லும். பார்க்கறதும் ஒரு பலன்தாண்டி. பூ ரெண்டு வருஷத்துல வந்துடும். வாசனைக்கு யார்கிட்ட கார்டு கேக்கணும்?" அவள் பதில் பேசவில்லை. ஆகஸ்டில் நான் ஊர் திரும்பிவிட்டேன்.

நவம்பர் முதல் வாரம் செல்போனில் ஒரு படம் வந்தது. கொல்லைத் தரையில் இரண்டு குச்சி, சுற்றி வைக்கோல். பக்கத்தில் தங்கை, கையெல்லாம் மண். பதினொரு வருஷத்தில் அந்த மண்ணில் அவள் வைத்த முதல் செடி அது. 2025 ஏப்ரலில் முதல் பூ பூத்தது. அந்தக் கோடையில் ஒரு கிண்ணம் பழமும் கிடைத்ததாம். கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. ஆனால் செடி வைத்த பிறகு அவள் போனில் பேசுகிற பேச்சு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "இங்கே" என்பாள். இப்போது "நம்ம கொல்லையில" என்கிறாள்.

"நம் ஊரில் இந்தச் செடி வருமா?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. வராது. கரண்ட் வகைகளுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 800 முதல் 1500 மணி நேரமாவது உறக்கம் வேண்டும். அது இல்லாமல் கண் விழித்துப் பூக்காது. நம் சமவெளியில் அதற்கு எங்கே போவது?

அதற்காகக் கவலை வேண்டாம். பூவும் மணந்து, பழமும் தின்னக் கொடுக்கும் புதர் நமக்கும் இருக்கிறது, களாச்செடிதான்! எங்கள் துறையூர்ப் பக்கம் களாக்காயைக் கூறு கட்டி விற்பார்கள். வெள்ளைப் பூ மல்லிகை மாதிரி மணக்கும். காய் ஊறுகாய்க்கு, பழம் ஜாமுக்கு. முள் இருப்பதால் வேலிக்கும் ஆகும். வெயில் இருந்தால் போதும், தண்ணீர் அதிகம் கேட்காது. பழுத்த பழத்தின் விதையை எடுத்து உலரவிடாமல் உடனே ஊன்றினால் முளைக்கும். குழந்தைகள் ஓடும் வழியை விட்டு, ஓரமாக வையுங்கள். நானும் ஊர் வந்ததும் கிணற்றடியில் இரண்டு வைத்தேன். இப்போது இடுப்பு உயரம் வளர்ந்திருக்கிறது. வாடகை வீட்டில் இருக்கும் சகோதரிகள், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீங்களும் ஒன்று வையுங்கள்.